முதல் தொகுப்பும் நான்கு வரிக் குறிப்பும்

திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக, அதாவது மின்சாரத் தையல் மெஷினில் தைப்பவளாக, வேலை பார்த்துக்கொண்டே என் முதல் சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தேன். கம்பெனியில் இருந்துகொண்டு கதையோ கவிதையோ எழுதிப் பார்க்கிற பெண்கள் சிலர், "எப்படிக்கா முடிஞ்சது?" என்று கேட்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி நேரம். எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டரை ஆகும். அதற்குப் பிறகு அடுப்பு, பிள்ளைகள், மறுநாளுக்குத் தண்ணீர். ஆனால் தைக்கும்போது கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். மெஷின் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே காதில் விழாது. அந்தச் சத்தத்துக்குள் ஒரு பத்தியை மனதில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். டீ டைமில் பண்டல் சீட்டின் பின்பக்கம் இரண்டு வரி குறித்துக்கொள்வேன். எல்லோரும் தூங்கியபின் செல்போனில் கட்டைவிரலால் தட்டுவேன். குரலில் சொல்லித் தட்டச்சு செய்யலாம் என்கிறார்கள். ஒரே அறையில் நாலு பேர் படுத்திருக்கும் வீட்டில் அதற்கு வழியில்லை.

என் கதைகள் ஏன் ஆறேழு பக்கத்தைத் தாண்டுவதில்லை, வாக்கியம் ஏன் குட்டையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மனதில் சுமந்து வீடுவரை கொண்டுபோகக்கூடிய நீளம் அவ்வளவுதான். ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒரு வரிகூட ஓடாது. ஆர்டர் குறைந்தால் எழுத்து வரும், சம்பளம் வராது. 2020 ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோதுதான் தொகுப்பில் உள்ள கதைகளில் பாதிக்கு மேல் தொடங்கினேன். கையில் காசு இல்லாத அந்த மாதங்களைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதழ்களுக்கு அனுப்புவது எளிது, காத்திருப்பதுதான் கடினம். யூனிகோடில் தட்டிய வேர்ட் கோப்பு, ஃபேஸ்புக்கில் போடாத கதை, ஒரு நேரத்தில் ஒரே இதழ். இவ்வளவுதான் நடைமுறை. பெரும்பாலும் பதிலே வராது. சில மாதம் பொறுத்து, "வேறு இதழுக்கு அனுப்புகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்கு அனுப்பலாம். எனக்குப் பெரிய உதவி தமுஎகச, அதாவது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கிளைக் கூட்டம். அங்கே கதையைச் சத்தமாக வாசிக்க வைப்பார்கள். "தோழர், உங்க கதை மூணாம் பக்கத்துலதான் ஆரம்பிக்குது" என்று ஒருவர் சொன்னார். முதல் இரண்டு பக்கத்தை வெட்டினேன். அந்தக் கதைதான் முதலில் அச்சில் வந்தது. வாசித்துக் காட்ட நாலு பேர் கிடைக்கும் இடத்தை முதலில் தேடுங்கள், பதிப்பகத்தைப் பிறகு தேடலாம்.

பதிப்பகங்களில் ஒன்று அச்சுச் செலவை நானே போடவேண்டும் என்றது. வேண்டாம் என்றுவிட்டேன். இன்னொன்று தன் செலவில் 300 பிரதி போட ஒப்புக்கொண்டது. ராயல்டி என்று பொதுவாகப் பேசப்படுவது 10 சதவீதம். முதல் புத்தகத்துக்கு அதைப் பிரதிகளாகவே தந்துவிடுவது உண்டு. எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பதிப்பகமே வாங்கிவிடும். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. அதற்கென்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

லே-அவுட் செய்பவர் என் யூனிகோடு கோப்பைத் தன்னிடமிருந்த பழைய எழுத்துருவுக்கு மாற்றினார். மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. அதையெல்லாம் கண்டுபிடித்துவிடலாம். மெய்ப்புத் திருத்துபவர் நல்லெண்ணத்தோடு செய்யும் திருத்தம்தான் கண்ணில் படாது. 'கைமடி' என்று நான் எழுதிய இடமெல்லாம் 'கைப்பிடி' ஆகியிருந்தது. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக்கொடுத்து மடிக்கிற பெண்ணைத்தான் எங்கள் ஊரில் கைமடி என்போம். ஒரு கதையின் நாயகியே கைமடிதான். பேச்சு வழக்கையும் தொழில் சொற்களையும் தனித் தாளில் பட்டியல் போட்டு, 'இவற்றைத் தொடவேண்டாம்' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த மெய்ப்பில் எல்லாம் சரியாக வந்தது. பக்கக் கணக்கும் உண்டு. அச்சகத்தில் பக்கங்களை ஃபாரம் ஃபாரமாகத்தான் அடிப்பார்கள். ஒரு ஃபாரம் 16 பக்கம். என் புத்தகம் 131 பக்கம் வந்தது. எட்டு ஃபாரத்துக்குள், அதாவது 128-க்குள் அடக்கச் சொன்னார்கள். என்னுரையை வெட்டினேன். கதையில் கை வைக்கவில்லை.

கடைசியாகக் கேட்டது ஆசிரியர் குறிப்பு, எழுதியவரைப் பற்றிப் புத்தகத்தில் வருவது. நான்கு வரி. அவர்களே மாதிரி ஒன்றும் அனுப்பியிருந்தார்கள்: 'இல்லத்தரசி. தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார்.' இந்த நான்கு வரிக்கு நான் பட்ட பாடு எந்தக் கதைக்கும் பட்டதில்லை.

எங்கள் கூட்டத்துக்கு வரும் கவிஞர் ஒருவர் விசைத்தறி ஓட்டுபவர். தொழிலைப் போடவே கூடாது என்றார். "போட்டீங்கன்னா கதைய விட்டுப்போட்டு உங்க கஷ்டத்தைப் படிப்பாங்க. 'பாவம், இவ்வளவு எழுதியிருக்காங்களே'ன்னு சொல்லிப்போட்டுப் போயிருவாங்க. எனக்கு அந்தச் சலுகை வேண்டாமுங்க." அவர் தொகுப்பில் பெயரும் ஊரும் மட்டும்தான் இருக்கின்றன.

அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. 2012-இல் சாகித்ய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருதைப் பெற்ற நாவலாசிரியர் மலர்வதியைப் பற்றி நான் படித்த அறிமுகங்களில் முதலில் வந்தது அவர் முந்திரி ஆலையில் வேலை பார்த்ததும் அவர் அம்மாவின் துப்புரவு வேலையும்தான். அவர் நாவலின் மொழியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். அது நியாயமான வரிசை இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்திக்கொண்டே கதை எழுதிய டொமினிக் ஜீவா, 1966-இல் மல்லிகை இதழையும் தொடங்கினார். அந்தத் தொழிலைச் சொல்லி அவரை இழிவுசெய்தவர்கள் இருந்தார்கள். அவர் அதை ஒருநாளும் மறைக்கவில்லை. அதைப் படித்தபோதுதான் எனக்கு முடிவு வந்தது. தொழில் இருக்கட்டும், துயரம் வேண்டாம். அப்பா இறந்தது, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது எதுவும் குறிப்பில் இல்லை. நான் அனுப்பியது இது:

'உசிலம்பட்டி அருகே பிறந்தவர். திருப்பூரில் பவர் டேபிள் டெய்லர். இவரது கதைகள் சிற்றிதழ்களில் வெளியாகியுள்ளன. இது முதல் தொகுப்பு.'

'இல்லத்தரசி' போய்விட்டது. வீட்டு வேலையைக் குறைவாக நினைத்து எடுக்கவில்லை. எழுதும் ஆணின் குறிப்பில் அவர் வீட்டில் செய்யும் வேலையை யாரும் போடுவதில்லை, அதனால்.

விருதுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2011-இல் தொடங்கிய யுவ புரஸ்கார் 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும் கொண்டது. விருது ஆண்டின் ஜனவரி 1 அன்று 35 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு அந்த வயது கடந்துவிட்டது. 1923-இல் பிறந்த கி.ராஜநாராயணனின் கதைகளே 1958 வாக்கில்தான் அச்சில் வரத் தொடங்கின. பதினெட்டு வயதில் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு முதல் புத்தகம் நாற்பதை ஒட்டித்தான் வாய்க்கும். வளரும் எழுத்தாளர் யார் என்பதைப் பிறந்த ஆண்டை வைத்து முடிவு செய்யாமல், முதல் புத்தகத்துக்கென்று பரிசுகள் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இருபதுகளில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வந்ததும் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி போகவேண்டும். பதிப்பகம் அனுப்பிவிட்டதா என்று கேட்டுக்கொண்டேன். நூலகங்களுக்குப் பிரதி வாங்கச் சொல்லிப் பொது நூலகத்துறைக்கும் விண்ணப்பித்திருக்கிறார்கள். வெளியீட்டை ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். சனிக்கிழமை சம்பளம் போட்டிருந்ததால் கம்பெனியில் எங்கள் லைனில் தைக்கும் பலர் காசு கொடுத்தே வாங்கினார்கள்.

அன்று ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் லைனில் செக்கிங், அதாவது தைத்த பீஸில் பிழை பார்க்கும் வேலை, செய்யும் ஒரு பெண்ணும் வந்திருந்தாள். தமிழ் படிக்கத் தெரியாது. அவளும் செல்போனில் ஒடியாவில் கவிதை எழுதி வைத்திருக்கிறாள். அவள் இந்தியில் பொருள் சொல்ல, இந்தி தெரிந்த தோழர் ஒருவர் தமிழில் சொல்ல, நான் எழுதிக்கொள்கிறேன். மூன்று கவிதை முடிந்திருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்தில் அவள் ஒடியாவில் வாசிப்பாள், நான் தமிழில் வாசிக்கிறேன். குறிப்பில் என்ன போடவேண்டும் என்று அவளிடமே கேட்டேன். "செக்கிங்" என்றாள்.