கல்யாணப் பத்திரிகையில சிக்கின பக்

ஆபீஸ்ல கோட் ரிவ்யூன்னா சீனியர் ஜூனியரோட கோட்ல குத்தம் கண்டுபிடிக்கிறதுன்னு ஆகிப்போச்சு, ஓப்பன் சோர்ஸ்ல, அதாவது யாரு வேணா பாத்து மாத்தி எழுதுற பொதுக் கோட்ல, அந்தப் பருப்பு வேகாது, இங்க யாரும் யாருக்கும் சம்பளம் குடுக்கல, மூஞ்சியக் காட்டுனா அடுத்த மாசம் ஆளு வராது. நாங்க காரைக்குடிப் பக்கத்து ஆளுங்க சிலர் சேந்து தமிழ் எழுத்துப்பிழை திருத்துற லைப்ரரி (மத்த சாஃப்ட்வேர்ல எடுத்துச் சேத்துக்கிற கோட்) ஒண்ணு ஓட்டுறோம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பள்ளத்தூர்ல ஒரு நண்பன் வீட்டு வளவுலதான் ரிவ்யூ. (வைஃபை முகப்பத் தாண்டி உள்ள வராது, செவுரு அப்படி.)

ரூல் ஒண்ணே ஒண்ணு. எழுதுனவன் வாயத் தொறக்கக்கூடாது, வேற ஒருத்தர் வரிவரியா படிச்சு இது என்ன பண்ணுதுன்னு சொல்லணும். ரொம்ப மெதுவாத்தான் போகும், சில பேருக்கு கடுப்பாவும் இருக்கும். ஆனா கோட் எல்லாரும் பாக்குற எடத்துல இருக்குங்கிறதுக்காக யாராவது பாத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்லையே. இணையத்துல போற தகவல பூட்டி அனுப்புற ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரில ஹார்ட்பிளீட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை 2012ல வெளிவந்து 2014 வரைக்கும் ஊரு கண்ணு முன்னாடியே கெடந்துச்சு. 2024ல எக்ஸ்இசட்ங்கிற ஃபைல் சுருக்குற டூல்ல ஒளிச்சு வச்ச பின்வாசலக் கண்டுபிடிச்சதும் ரிவ்யூ இல்ல, லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஒரு இன்ஜினியர் தோண்டப் போய்தான் சிக்குச்சு. படிக்காமலே ஓகே போடுறத விட சண்டை போடுறது மேல்.

டெஸ்டிங்குக்கு வார்த்தை எடுத்துக் குடுக்க டிடிபி கடை வச்சிருக்க ஆச்சி ஒருத்தங்களக் கூப்பிட்டிருந்தோம், காலமெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிச்ச கை. அன்னிக்கு வந்த புல் ரிக்வெஸ்ட் (கோட்ல சேத்துக்கங்கன்னு அனுப்புற மாத்தம்) யூனிகோட் நார்மலைசேஷன், அதாவது "கொ"வுக்கு கொம்பும் காலும் தனித்தனியா அடிச்சாலும் ஒண்ணா அடிச்சாலும் ஒரே எழுத்தா ஆக்குறது. படிச்ச தம்பி நல்லாவே சொன்னான், எல்லாரும் தலையாட்டிட்டோம். ஆச்சி மட்டும், "ஏந்தம்பி, சௌபாக்கியவதின்னு போடுற எடத்துல பாதிப்பேரு கொம்பு போட்டு ளகரத்த அடிச்சு வச்சிருப்பாகளே, அத இது புடிக்குமா?"ன்னாங்க.

புடிக்காது. ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும், ஆனா மெஷினுக்கு அது "செ", அப்புறம் தனியா ஒரு "ள". நார்மலைசேஷன் அதத் தொடவே தொடாது. உடனே ஒருத்தன் கொம்புக்குப் பின்னாடி ள வந்தா ஔகாரமா மாத்திரலாம்னான், அப்ப வெள்ளை என்ன ஆகும்னு இன்னொருத்தன். சரி, புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத ளவ மட்டும் மாத்துவோம்னு இறங்கி வந்தாங்க. அதுக்கும் ஆச்சி, "வெளக்கமாறுன்னு பேச்சுவழக்குல எழுதுவாகளேப்பா, அது?" அதோட அந்த ஐடியா காலி. மாத்துனா அகராதில இருக்குற வார்த்தை வந்தா மட்டும் மாத்துறதுன்னு முடிவாச்சு, கொஞ்சம் ஸ்லோதான், பரவால்ல.

ரிவ்யூ பண்ணவங்க பேருல ஆச்சி பேரையும் கமிட்ல (மாத்தத்தப் பதிஞ்சு வைக்கிற குறிப்புல) போட்டோம், கோட் தெரியாதவங்க பேரு எதுக்குன்னு ஒருத்தன் மொணங்குனான், எனக்கு அதுல உடன்பாடே இல்ல, அன்னிக்கு உருப்படியா ரிவ்யூ பண்ணதே அவங்கதான். இந்தக் கொழப்பம் எங்கேருந்து வந்துச்சுன்னும் அவங்கதான் சொன்னாங்க, யூனிகோடுக்கு முந்தின பாமினி ஃபான்ட்ல ஔகாரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே கீ, கை அப்படியே பழகிப்போச்சு. பேரு ஊரெல்லாம் எடுத்துட்டு பழைய பத்திரிகை ஃபைல்களையும் குடுத்திருக்காங்க, அடுத்த மாசம் பாமினில அடிச்சத யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர்தான் ரிவ்யூவுக்கு வருது.