ஒரு பெட்டி, இரண்டு பேர்

மதியம் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ஒரு பழைய வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். 2021 நவம்பர், குடியரசுத் தலைவர் மாளிகை. 2020-ல் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு மோதிய வீரர்களுக்கும் விருது கொடுத்த விழா.

அந்த மோதலில் இறந்த கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்ரா, போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய பதக்கம். வாங்க வந்தவர்கள் இரண்டு பேர். அம்மாவும் மனைவியும்.

உயிரோடு இருப்பவருக்குப் பதக்கத்தை நெஞ்சில் குத்திவிடுவார்கள். இறந்தவர் வீட்டாருக்குப் பெட்டியில் வைத்துக் கையில் கொடுப்பார்கள். அதற்கு முன் அவர் எப்படிப் போராடினார், எப்படி விழுந்தார் என்று மைக்கில் வாசிப்பார்கள். அத்தனை கேமராக்களுக்கு முன்னால் அதை நின்றுகொண்டே கேட்க வேண்டும். எனக்கென்னவோ அந்த வாசிப்புதான் பதக்கத்தைவிடக் கனமாகத் தெரிகிறது.

அதே மோதலில் இறந்த நம் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்கும் அதே விழாவில்தான் வீர் சக்ரா, அதற்கு அடுத்த பதக்கம். வாங்கியது அவர் மனைவி.

சரி, விழா முடிந்த பிறகு? பெட்டி ஒரு வீட்டு பீரோவுக்குத்தான் போகும். மாமியாரும் மருமகளும் வேறு வேறு ஊரில் இருந்தால் யார் வீட்டு பீரோ? பென்ஷனுக்கு விதி இருக்கட்டும், பரவாயில்லை. பதக்கத்தையாவது அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இரண்டாக அடித்துக் கொடுத்தால் அரசாங்கத்துக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?