நடுத்திட்டுக்குத் தூக்கிச் சென்ற தாய்

என் மகன் 2018 ஜூலையில் பிறந்தான். இரண்டு பாதங்களும் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. வளைபாதம் என்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது, ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு அதிகம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறந்த அன்று அந்தக் கால்களைத் துணியால் மூடி மூடி வைத்தேன்.

இப்போது இதே நிலையில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் யார் மூலமாவது என் எண்ணை வாங்கி அழைக்கிறார்கள். முதல் கேள்வி சிகிச்சையைப் பற்றியதாக இருக்கும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களாக இருந்தால் இரண்டாவது கேள்வி கொஞ்சம் தயங்கி வரும்: "அக்கா, அப்போது உங்களால் ஜெபிக்க முடிந்ததா?" இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் அவை தனித்தனியாக நடக்கவில்லை.

எங்களுடையது திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே, கொள்ளிடக் கரையை ஒட்டிய கிராமம். பூண்டி மாதா பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழும் பகுதிதான். ஆனாலும் கிரகணப் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று முழுச் சந்திர கிரகணம். நான் அப்போது கர்ப்பிணி. மாலையில் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க வாசலுக்கு வந்தேனாம். அதனால்தான் பிள்ளைக்குக் கால் இப்படி ஆனதாம். சொன்னவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. பிள்ளையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டேதான் சொன்னார். அதனால் வலி கூடுதலாக இருந்தது. இன்னொரு உறவினர் எங்கள் குடும்பத்தின் பழைய நிலத்தகராறு ஒன்றை நினைவுபடுத்தி, யாரோ விட்ட சாபம் என்றார்.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோது யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது இவர் செய்த பாவமா, இவரைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. சிறுவயதிலிருந்து கோயிலில் எத்தனையோ முறை கேட்ட பகுதி. அன்றுதான் அந்த மனிதரின் தாய் என் கண்ணுக்குத் தெரிந்தார். எத்தனை ஆண்டுகள் எத்தனை பேர் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்! அவருக்கும் சேர்த்து ஆண்டவர் பதில் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. பிள்ளையின் காலை மூடியிருந்த துணியை எடுத்துவிட்டேன். அதன் பிறகு யார் வந்து பார்த்தாலும் நானே காலைக் காட்டி, "இப்படிப் பிறந்திருக்கிறான், சிகிச்சை தொடங்கப் போகிறோம்" என்று சொல்லிவிடுவேன். கேள்வி அதோடு நின்றுவிடும்.

சிகிச்சை தஞ்சாவூரில், அரசு மருத்துவமனையில். முறையின் பெயர் பொன்செட்டி. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கியது. பெரிய அறுவை சிகிச்சை கிடையாது. பச்சிளம் குழந்தையின் எலும்பும் தசைநாரும் இளகியிருக்கும் காலத்திலேயே பாதத்தைக் கையால் சிறிது சிறிதாக வெளிப்பக்கம் திருப்பி, திருப்பிய நிலையில் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். கட்டு கால்விரலிலிருந்து தொடை வரை இருக்கும், முழங்கால் மடங்கிய நிலையில். வாரம் ஒருமுறை பழைய கட்டைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, புதுக் கட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு கட்டுகளுக்குள் பாதம் நேராகிவிடும்.

கட்டு நாட்களில் தாய் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கால்விரல் நுனியை மெதுவாக அழுத்தி விட்டால் வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல் நீலம் பாய்ந்தாலோ, குளிர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரல்கள் கட்டுக்குள் இழுத்துக்கொண்டு மறைந்துபோனால் கட்டு நழுவுகிறது என்று பொருள்; அதற்கும் காத்திருக்கக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது, ஈரத் துணியால் துடைத்துவிடலாம். கட்டுப் பிரிக்கும் நாளன்று காலையில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக்கொண்டு போனால் பிரிப்பது எளிது.

அந்த ஆகஸ்டில் காவிரியில் கரைகொள்ளாத வெள்ளம். பல ஆண்டுகள் மணலாகக் கிடந்த கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது. 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் மதகுகள் உடைந்த செய்தி வந்தபோது என் கணவர் இரவெல்லாம் கரைப்பக்கமே நின்றார். நாற்று விட்ட வயல் ஒரு கவலை, மாவுக்கட்டு நனையாமல் பிள்ளையைத் தஞ்சாவூர் கொண்டுபோவது இன்னொரு கவலை. ஜெபமாலையைப் பஸ்ஸில்தான் சொல்வேன். வீட்டில் நேரம் இல்லை.

மாத இறுதியில் தஞ்சாவூர்ச் சாலைகளில் வேளாங்கண்ணி நடைப்பயணிகள் வரத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் பெருவிழா. காவி உடை, சின்னத் தேர், "மரியே வாழ்க" என்ற குரல். பஸ் நிறுத்தத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண் என் அருகே உட்கார்ந்து கால் கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். பிள்ளையின் கட்டைப் பார்த்ததும் மோர் விற்ற சிறுவனின் கதையைச் சொன்னார். எங்களுக்குத் தெரியாத கதையா? கால் ஊனமான சிறுவன், வேளாங்கண்ணியில் நடுத்திட்டு என்ற இடத்தில் ஆலமரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்தான், கையில் குழந்தையோடு ஒரு பெண்ணாக வந்த மாதா மோர் கேட்டார், கொடுத்தான், நாகப்பட்டினத்துப் பெரியவரிடம் ஒரு செய்தி சொல்லச் சொன்னார், எழுந்தான், ஓடினான். "உன் பிள்ளையும் ஓடுவான், கவலைப்படாதே தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

நான் அந்தக் கதையில் வேறோர் இடத்தில் நின்றுவிட்டேன். சிறுவன் நடக்க முடியாதவன். அப்படியானால் ஆலமரத்தடிக்கு எப்படி வந்தான்? அவன் தாய் தூக்கி வந்தாள். வழிவழியாகச் சொல்லப்படும் வரலாற்றில் அது இருக்கிறது: ஓர் ஏழைப் பெண், தினமும் மகனைத் தூக்கிவந்து நிழலில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். அற்புதம் நடந்த அன்று காலையிலும் தூக்கித்தான் வந்திருப்பாள், மற்ற நாட்களைப் போலவே, இன்றைக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியாமல். அவள் பெயர் கூட நமக்குத் தெரியாது. அந்தப் பெண்ணை எனக்குத் துணையாகக் கொடு தாயே என்றுதான் அன்று பஸ்ஸில் வேண்டினேன். அவன் உடனே ஓட வேண்டும் என்று கேட்கவில்லை. தூக்கிச் செல்ல என் கைக்கு வலு வேண்டும் என்று கேட்டேன். அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் அதே ஜெபம்தான்.

பாதம் நேரானபின் குதிகால் தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். கடைசிக் கட்டு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் தசைநாண் தேவையான நீளத்துக்கு வளர்ந்து சேர்ந்துவிடுகிறது. கட்டைப் பிரித்த நாளில் என் மகனின் பாதங்களை முதன்முறையாக நேராகப் பார்த்தேன். முத்தமிட்டேன். வெளியே வந்து என் மாமியாரிடம் கொடுத்தபோது அவர் அந்தப் பாதங்களைத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

ஊரில் எல்லோரும் அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். உண்மையில் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு காலணிகளை ஒரு கம்பியால் இணைத்த பிரேஸ் ஒன்று தருவார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் அது காலில் இருக்க வேண்டும். பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலும், குழந்தைக்கு நான்கு ஐந்து வயதாகும் வரை. விட்டுவிட்டால் பாதம் பழையபடி உள்ளே திரும்பும். பாதம் மறுபடி வளைவதற்கு முதன்மையான காரணமே பிரேஸைப் பாதியில் நிறுத்துவதுதான் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

முதல் இரவுகளில் பிள்ளை கதறினான். ஒரு காலை மட்டும் உதைக்கப் பார்த்து, முடியாமல், முகம் சிவந்து அழுவான். கழற்றிவிட்டால் உடனே சிரிப்பான். கழற்றுவது என் கையில் இருக்கிறது, கழற்றக் கூடாது. இதை அனுபவித்த தாய்க்குத்தான் புரியும். கம்பியைப் பிடித்து இரண்டு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டச் சொன்னார்கள். இரண்டையும் ஒன்றாக உதைக்கலாம் என்று பிள்ளை பழகிக்கொண்டபின் அழுகை குறைந்தது. பருத்திக் காலுறை போட்டு, குதிகால் அடிவரை சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு பட்டையை இறுக்க வேண்டும். காலணி தளர்வாக இருந்தால்தான் உராய்ந்து புண்ணாகும்.

ஐந்து ஆண்டு என்று நினைத்தால் நெஞ்சு அடைத்துவிடும். எங்கள் பங்குத்தந்தையிடம் அதைச் சொன்னபோது விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில் மன்னா என்ற உணவு வானிலிருந்து பொழிந்த பகுதியை வாசிக்கச் சொன்னார். பாலைவனத்தில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளச் சொல்கிறார் கடவுள். மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தது புழு வைத்துப் போகிறது. அந்த மக்கள் நாற்பது ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார்கள். நானும் படுக்கும் நேரத்தில் பட்டையைக் கட்டும்போது அன்றைய இரவுக்கு மட்டும் ஜெபித்தேன். நாளைய இரவைப் பற்றிக் கடவுளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

என் ஜெபம் மட்டுமே என்னைத் தாங்கியது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எங்கள் அன்பியத்தில் இருபது வீடுகளுக்கு மேல் உண்டு, முறை வைத்து வீடு வீடாகக் கூடி ஜெபிப்போம். அங்கே ஒரு சின்னம்மா இருக்கிறார். நாகப்பட்டினம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அவருடைய மகளைக் கொண்டுபோய்விட்டது. பிறகு தாய்வீட்டுக்கே திரும்பிவிட்டார். ஓர் இரவு பிள்ளை அழுகையை நிறுத்தவே இல்லை. எனக்கு ஒரு வார்த்தை கூட ஜெபிக்க வரவில்லை. மறுநாள் அவரிடம் அதைச் சொன்னேன். அவர் சொன்னார்: "எனக்கு ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது ஆயி. மற்றவர்கள் ஜெபமாலை சொல்வார்கள். நான் மணியை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்." அந்த வாரம் அன்பியம் எங்கள் வீட்டில் கூடியது. ஜெபமாலையின் துயர மறைபொருள்களைப் பெண்கள் சொல்லச் சொல்ல, நான் பிரேஸ் மாட்டிய பிள்ளையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டு மணியை மட்டும் உருட்டினேன். தளர்ந்துபோன தாய் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காக ஜெபிக்கும்படி நாலு பேரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான குரல்களும் கேட்டன. "கால்தான் நேராகிவிட்டதே, மாதாவிடம் நேர்ந்துகொள், வெள்ளியில் கால் செய்து போடு, பிள்ளையை ஏன் இன்னும் கட்டிப்போட்டு வதைக்கிறாய்? உனக்கு விசுவாசம் இல்லையா?" இந்தக் கேள்விக்கு நான் கோபத்தோடுதான் பதில் சொன்னேன், இப்போதும் அதே கோபம் இருக்கிறது. சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நம் விவிலியத்தில்தான் இருக்கிறது. நோயுற்றால் ஆண்டவரிடம் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று அது தெளிவாகச் சொல்கிறது. நேர்ச்சை செய்வதில் எனக்குப் பேரன்பு உண்டு. ஆனால் நேர்ச்சையின் பெயரால் சிகிச்சையை நிறுத்தச் சொல்பவர்கள் ஒரு குழந்தையின் நடையோடு விளையாடுகிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவனுக்கு இரண்டு வயது கூட நிறையவில்லை. காலணி சிறிதாகிவிட்டிருந்தது, விரல்கள் முன்பக்கம் வெளியே தெரிந்தன. பஸ் இல்லை. கோயிலும் பூட்டிக்கிடந்தது, புனித வெள்ளி வழிபாட்டைத் தொலைக்காட்சி முன் முழந்தாளிட்டுப் பார்த்தோம். மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தேன். குழந்தையை நிற்கவைத்துக் காகிதத்தில் பாதத்தின் ஓரம் வரைந்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை அளந்து சொல்லச் சொன்னார். என் கணவர் சிகிச்சை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார். சோதனைச் சாவடிகளில் அட்டையைக் காட்டி, புதுக் காலணியோடு மாலையில் திரும்பினார். அதுவரை நானும் மாமியாரும் கருணை ஜெபமாலையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழா பக்தர்கள் கூட்டம் இல்லாமலே நடந்தது.

அடுத்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வயதில் அவனே காலுறையை எடுத்துவந்து நீட்டுவான். "பிதா சுதன்" போட்டுவிட்டுப் பட்டையைக் கட்டுவோம். சிலுவை அடையாளமும் பிரேஸும் அவனுக்கு ஒரே பழக்கமாகிவிட்டன. ஐந்து வயது நிறைந்தபின் மருத்துவர் பிரேஸை நிறுத்தச் சொன்னார்.

இப்போது பள்ளிக்கு நடந்து போகிறான். கெண்டைச் சதை மட்டும் மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. அது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். உங்கள் பிள்ளைக்கு இந்தக் குறை இருந்தால், பிறந்த முதல் வாரங்களிலேயே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டத்தில் வளைபாதத்துக்கும் இடமுண்டு. கிராமச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், பிள்ளையையும் பையையும் தனியாகத் தூக்குவது கடினம். எங்களுக்கு அடுத்த பரிசோதனை அறுவடை முடிந்ததும். அதுவரை தினமும் குதிகால் தரையில் படும்படி குந்தி உட்காரும் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், செய்துகொண்டிருக்கிறோம்.