எத்தனை மணிக்கு எழும்ப வேணும்?

பனிப்புயல் வருகிறது என்றால் வானிலை ஆர்வலர்கள் கேட்பது எத்தனை சென்ரிமீற்றர் என்று. வேலைக்குப் போகிறவர்கள் கேட்பது எத்தனை மணிக்கு என்று. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் சில பனிக்காலங்களாகச் சம்பளம் வாங்குகிறேன், அதுவும் ஸ்னோவைக் கண்ணால் காணாமலே.

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். ரொறன்ரோவிலும் சுற்றுவட்டத்திலும் கடைத்தொகுதிகள், தொடர்மாடிகள், களஞ்சியங்களின் வாகனத் தரிப்பிடங்களைத் துப்புரவாக்கும் நிறுவனம் ஒன்றுக்கு, யாரை எந்த வளவுக்கு அனுப்புவது, ஐஸை உருக்க உப்புப் போடுகிற லொறி எப்போது வெளிக்கிட வேண்டும் என்பதெல்லாம் இங்கிருந்துதான் போகிறது. குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பும்போது எங்களுக்கு இரவு பத்தரை. இருபத்திரண்டு பாகைக்கே போர்வை தேடுகிற பெடியள், மறை பதினைந்தில் உப்பு வேலை செய்யுமா என்று விடிய விடிய வாதாடுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். (செய்யாது. சாதாரண உப்பு மறை பத்துக்குக் கீழே போனால் பெரிதாக உதவாது, அப்போது மணலோ வேறு உப்போ வேண்டும்.)

சேர்ந்த புதிதில் எங்களில் யாருக்கும் வானிலையில் ஈடுபாடு இருக்கவில்லை. இப்போது அறைக்குள் கட்சி பிரிந்துவிட்டது. வானிலையைக் கணிக்கிற கணினி மொடல்களில் ஓர் அண்ணை அமெரிக்க ஜிஎஃப்எஸ் பக்கம், நான் பெரும்பாலும் ஐரோப்பிய மொடல், கடைசியாகச் சேர்ந்த தங்கச்சி கனடாக்காரரின் எச்ஆர்டிபிஎஸ் தவிர வேறெதையும் நம்பமாட்டாள். அது 2.5 கிலோமீற்றர் கட்டங்களாகப் பார்க்கிற மொடல், ஆனால் இரண்டு நாளைக்கு மேல் முன்னே போகாது. நேரமும் எங்களுக்கு வாய்த்ததுதான். வானிலைப் பலூன்கள் உலகமெங்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடப்படுகின்றன, எங்கள் கணக்கில் காலை ஐந்தரையும் மாலை ஐந்தரையும். ரொறன்ரோவுக்குக் கிட்ட பலூன் விடுகிற இடம் எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோ. அந்தத் தரவெல்லாம் உள்ளே போய் இரவு ஒன்பதுபோல் ஜிஎஃப்எஸ் வரைபடங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும், ஐரோப்பியது நள்ளிரவை ஒட்டி வரும். ரொறன்ரோவில் இருக்கிற ஆர்வலர்கள் முதலாளிக்குத் தெரியாமல் ஒளித்துப் பார்ப்பதை நாங்கள் முதலாளியின் காசிலேயே பார்க்கிறோம்.

ஐந்து நாளைக்கு முன்னால் தொடங்கும் கூத்து. ஒரு ரன், அதாவது மொடலை ஒருதரம் ஓட்டினால் வருகிற முடிவு, நாற்பது சென்ரிமீற்றர் காட்டும். அடுத்த ரன்னில் புயல் ஈரி ஏரிக்குத் தெற்கே போய் ரொறன்ரோவில் வெயிலே எறிக்கும். ஆர்வலர்கள் முதல் படத்தைத்தான் சேமித்து வைப்பார்கள், இரண்டாவதுக்கு மொடல் பிழை என்று பெயர். ஆனால் அந்த நேரத்தில் புயல் என்று ஒன்றே இல்லை, பசிபிக் கடலுக்கு மேல் ஏதோ ஒரு சுழிப்பு, அங்கே பலூன் விட ஆள் இல்லை, செய்மதி கண்டதுதான் கணக்கு. அது மேற்குக் கரையைத் தாண்டித் தரைக்கு வந்தபிறகுதான் மொடல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துப்போகும். அதுவரைக்கும் பார்க்க வேண்டியது தனி ரன்னை அல்ல. ஐரோப்பியது தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி 51 தடவை ஓட்டுகிறது, ஜிஎஃப்எஸ் 31 தடவை. ஐம்பத்தொன்றில் பத்துக்குத்தான் பெரிய புயல் என்றால் பத்துக்குத்தான். அந்த அண்ணைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், "பத்தாவது இருக்கே" என்பார்.

அப்புறம் அந்த ஸ்னோ வரைபடங்கள். பகிரப்படுகிறவற்றில் பாதிக்கு மேல் ஒரு மில்லிமீற்றர் தண்ணீருக்கு ஒரு சென்ரிமீற்றர் ஸ்னோ என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியவை. நல்ல குளிரில் அதே தண்ணீர் ஒன்றரை இரண்டு சென்ரிமீற்றர் பஞ்சாகக் குவியும், பூச்சியத்தை ஒட்டி விழுந்தால் பாதிதான், ஆனால் அந்தப் பாதி சீமெந்து மாதிரிப் பாரம். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் உயரத்தில் பூச்சியத்துக்கு மேற்பட்ட சூடான காற்று நுழைந்துவிட்டால் வருவது ஐஸ் மணியும், தரையில் பட்டதும் ஐஸாகிற உறைமழையும். அதையும் அந்தப் படங்கள் ஸ்னோவாகவே கூட்டிவிடும். ஸ்னோவுக்குத் தள்ளும் வாகனம் வேண்டும், உறைமழைக்கு உப்பு லொறி வேண்டும், இரண்டையும் ஓட்டுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். எண் எவ்வளவு பெரிதென்பதைவிட இதுதான் எங்கள் தலையிடி.

போதாததற்கு ஒன்ராறியோ ஏரி. ஆழமான ஏரி, மாரி முழுக்கப் பெரும்பாலும் உறையாமலே கிடக்கும். புயலுக்கு முன்னால் கிழக்குக் காற்று அடிக்கும்போது அந்த ஏரி கரையோரத்தை ஒன்றிரண்டு பாகை சூடாக்கிவிடும். ஏரிக்கரை வளவில் நனைந்த சொதசொதப்பு, அதேநேரம் வடக்கே வோகனிலும் ரிச்மண்ட்ஹில்லிலும் காலணி புதையும். வரைபடத்தில் ஸ்னோவின் நீலமும் மழையின் பச்சையும் சந்திக்கிற கோடு ஒவ்வொரு ரன்னுக்கும் 401 நெடுஞ்சாலைக்கு மேலேயும் கீழேயும் அசையும், நாங்கள் மூன்று பேரும் ஒரே திரையில் விரலை வைத்துக்கொண்டு நிற்போம். எங்கள் வளவுகளில் பாதி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

2015 ஜனவரி 26, 27 நியூயோர்க் கதையை அறைக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லிவிடுவோம். ஐரோப்பிய மொடல் நகரத்துக்கு மேலேயே பெரும் புயலைப் போட்டது, ஜிஎஃப்எஸ் குறைத்துக் காட்டியது, பேச்செல்லாம் இரண்டடி மூன்றடி. சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் பத்து அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. கிழக்கே லோங் ஐலண்டில் இரண்டடி குவிந்த இடங்களும் உண்டு. புயல் சொன்னபடி வந்தது, கொஞ்சம் கிழக்கே தள்ளி வந்தது, அவ்வளவுதான். நியூஜேர்சி பக்கத்துத் தேசிய வானிலைச் சேவையில் இருந்த கேரி ஸட்கோவ்ஸ்கி ருவிற்றரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுசன். ஆனால் மன்னிப்பு எதற்கு என்றுதான் எனக்குப் படும். மேற்கு ஓரத்தில் இருப்பவர்களுக்கு இது குறையவும் கூடும் என்ற பேச்சு அந்தப் பெரிய எண்கள் ஓடிய வேகத்துக்கு ஓடவில்லை, அதற்கு ஒருவர் மட்டும் பொறுப்பல்ல.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். 2020 டிசம்பரில் புரெவி வரும்போது எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி, எங்கே கரை கடக்கும். 2ஆம் தேதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கடந்தது, சரி தப்பினோம் என்று ஆட்கள் மூச்சுவிட, அது மன்னார் வளைகுடாவுக்குள் போய் அசையாமல் நின்றுகொண்டது. யாழ்ப்பாணத்தில் மழை விடாமல் கொட்டி வீடுகளுக்குள் வெள்ளம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் கலாநிதி நாகமுத்து பிரதீபராஜாவின் குறிப்புகளை வயல் செய்கிறவர்கள் தேடி வாசிப்பது ஏன் என்று எனக்கு இந்த வேலைக்கு வந்தபிறகுதான் விளங்கியது. எப்போது தொடங்கும், எப்போது விடும் என்று தெரிந்தால் நெல்லை அறுக்கலாமா வைக்கலாமா என்று அவர்கள் தாங்களே முடிவெடுத்துக்கொள்வார்கள்.

ஸ்காபரோவில் எங்கள் சாரதிகளில் கனபேர் தமிழர்தான், ஐம்பது கடந்தவர்கள், சிலர் பகலில் வேறு வேலையும் செய்கிறவர்கள். தொலைபேசியை எடுத்ததும், "தம்பி, கதையை விடும், எத்தினை மணிக்கு எழும்ப வேணும்?" என்றுதான் கேட்பார்கள். இரவு ஒன்றுக்குத் தொடங்குகிற பத்து சென்ரிமீற்றரும் விடிய ஆறுக்குத் தொடங்குகிற பத்து சென்ரிமீற்றரும் அவர்களுக்கு ஒன்றல்ல. முன்னதைக் கடை திறக்க முன் தள்ளி முடிக்கலாம், பின்னது தரிப்பிடம் நிறைய வாகனங்கள் நிற்கும்போது விழும், இரண்டு தரம் போக வேண்டும். பொய்யாக ஒருநாள் எழுப்பிவிட்டால் அடுத்த முறை நாலு தரம் அடித்தாலும் எடுக்கமாட்டார்கள், அதில் பிழையும் சொல்ல முடியாது.

ஆகவே நாங்கள் அனுப்புகிற செய்தி இப்போது தொடங்கும் நேரத்தில் ஆரம்பித்து, ஸ்னோவா உறைமழையா என்று சொல்லி, கடைசியில்தான் எண்ணுக்கு வரும், அதுவும் "எட்டிலிருந்து பதினைந்து" என்று. மேலிடத்துக்கு இது பிடிக்காது. அவர்களின் படிவத்தில் ஒரு பெட்டிதான் இருக்கிறது, அதற்குள் ஓர் எண்தான் போகும். எத்தனையோ தரம் கதைத்துப் பார்த்தாயிற்று. பெட்டிக்குப் பன்னிரண்டு என்று போட்டுவிட்டு, சாரதிகளுக்கு வேறாக எழுதுகிறோம்.

இந்தக் கிழமை கடைசியில் ஒன்று வரும்போல் இருக்கிறது. ஜிஎஃப்எஸ் அண்ணை இப்போதே வெள்ளைப் பலகையில் முப்பது எழுதிவிட்டார், தங்கச்சி தன் மொடல் அந்த நாளை இன்னும் தொடவேயில்லை என்று பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். வியாழன் இரவு ஐரோப்பிய ரன் வரும்வரை நான் சாரதிகளுக்கு ஒன்றும் அனுப்பப்போவதில்லை.