பீட்ட கழட்டிட்டா பாட்டுல என்ன மிஞ்சும்?

கைலி மினோக்னு சொன்னா நம்மாளுங்களுக்கு 2009ல வந்த ப்ளூ படம்தான் ஞாபகம் வரும், ரஹ்மான் மியூசிக்ல அக்‌ஷய் குமார் கூட 'சிக்கி விக்கி'னு ஆடுனாங்கள்ல, அந்த ஆஸ்திரேலியாக்காரம்மாதான். எனக்கு இப்ப அவங்க 2012ல விட்ட 'தி அபே ரோட் செஷன்ஸ்' ஆல்பத்து மேல கிறுக்கு புடிச்சிருக்கு, மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறுனா திருமங்கலம் வர்ற வரைக்கும் காதுல இதேதான்.

விஷயம் என்னன்னா, 25 வருஷமா ஆட வச்ச ஹிட்டுகள எடுத்து டிரம் மெஷினு, கரண்ட்ல சத்தம் உண்டாக்குற கீபோர்டு சின்த்து எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, பீட்டில்ஸ் ரெக்கார்ட் பண்ணாங்களே லண்டன் அபே ரோட் ஸ்டுடியோ, அங்க வயலின் செல்லோ பியானோன்னு வச்சு திரும்பப் பாடிருக்காங்க. மொத்தம் 16 பாட்டு, அதுல 'ஃப்ளவர்' மட்டும் அதுவரைக்கும் வெளிய வராதது. நம்ம ஊர்ல இது அப்படியே தலைகீழ். 1970ல சொர்க்கம் படத்துக்கு எம்எஸ்வி போட்ட 'பொன்மகள் வந்தாள்' 2007ல அழகிய தமிழ்மகன்ல ரஹ்மான் கையில வேற அவதாரம் எடுத்துச்சு, பழைய பாட்டுன்னாலே பீட்ட ஏத்தணும்ங்கறது இங்க எழுதாத சட்டம். எறக்குறதுக்கு தில்லு வேணும்.

கல்யாண மண்டபத்துல நாதஸ்வரக்காரர் சினிமா பாட்ட எடுத்தா வரி கெடையாது கிட்டார் கெடையாது, ஆனா பந்தில உக்காந்திருக்கவன் வாய் தன்னால முணுமுணுக்கும்ல, அங்க நிக்கிறதுதான் மெட்டு. 'கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்' (2001) இங்க அப்படி நிக்குது, சின்த் வாசிச்ச வேலைய வயலின் கோஷ்டி வெட்டி வெட்டி வாசிக்குது, டிரம்ஸ நம்பாமலே வேகம் இருக்கு. திருவிழா கச்சேரிக்கு கீபோர்டு வாசிக்கிற நம்ம பய ஒருத்தன்ட்ட போட்டுக் காட்டுனேன், "மாப்ள, இத்தன வயலின குடுத்தா நானும் ரிதம் பேட தொட மாட்டேன்டா, கமிட்டிக்காரய்ங்க விட்டாத்தான"ங்கறான்.

ஆனா என்னைய கவுத்தது 'ஐ ஷுட் பி ஸோ லக்கி'தான். 1987ல வந்தப்ப அவங்களுக்கு 19 வயசு, துள்ளல்னா அப்படி ஒரு துள்ளல், அந்த சத்தத்துல வரிய யாரு கவனிச்சா, கற்பனைல மட்டும் கூட இருக்கவன நெனச்சு ஏங்குற பொண்ணு பாடுற பாட்டு அது. இங்க 44 வயசுல நிறுத்தி நிதானமா பாடுறப்பதான் அந்த ஏக்கமே வெளிய தெரியுது, நடுவுல 2005ல மார்பகப் புற்றுநோய் வந்து மீண்டு வந்தவங்கன்னு தெரிஞ்சு கேட்டா இன்னும் என்னமோ பண்ணுது.

எல்லாம் சூப்பர்னு சொல்ல மாட்டேன். 'லவ் அட் ஃபர்ஸ்ட் சைட்' குதிக்கிறதுக்குன்னே பொறந்த பாட்டு, அத உக்கார வச்சா ஒட்டவே இல்ல. ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் கூட பாடுன 'வேர் தி வைல்ட் ரோஸஸ் க்ரோ' 1995லயே மெதுவாத்தான் இருந்துச்சு, ஆத்தங்கரைல காதலியக் கொல்றவன் கத, கழட்டுறதுக்கு அதுல பீட்டே இல்லயே, அப்புறம் என்னத்துக்கு திரும்ப? அவங்க ரெண்டு பேரு குரலுக்காக வேணா ஒரு தடவ கேக்கலாம். புதுசா கேக்குறவங்க மொதப் பாட்டுலருந்து வராதீங்க, 11வதா இருக்க 'கான்ட் கெட் யூ' போட்டுட்டு நேரா 14க்கு, அதான் அந்த 'லக்கி'க்கு தாவுங்க.