காலை ஆறு மணி மாத்திரை

எனக்கு பார்க்கின்சன், அதாவது உடம்பை இறுக்கி அசைவை மெதுவாக்கும் மூளை நரம்பு நோய், என்று உறுதியானபோது வயது 38. அதற்கு முன் ஒன்றரை வருஷம் தோள்பட்டை இறுகிவிட்டது என்று பிசியோதெரபிக்கு அலைந்தேன். நடக்கும்போது வலது கை வீசாது, எழுத ஆரம்பித்தால் வரி முடிவதற்குள் எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துவிடும், ஆனால் நடுக்கம் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

போன வருஷம் பித்தப்பை ஆபரேஷனுக்காக ஒரு ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தேன். வீட்டில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று லெவோடோபா மாத்திரை போடுவேன். உடம்பை அசைக்கத் தேவையான டோபமைன் என்ற ரசாயனம் எங்கள் மூளையில் குறைந்துவிடும், அதை ஈடுகட்டும் மருந்து இது. அங்கே அதை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கொடுக்கும் 8 மணிக்குக் கொடுத்தார்கள். அதற்குள் வலது கால் விரல்கள் உள்பக்கம் மடங்கி இழுத்துக்கொண்டன, கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. மருந்து ஏறியதும் நானே எழுந்து பாத்ரூம் போனேன். அதைப் பார்த்த சிஸ்டர், "காலைல தூக்கி விடச் சொன்னீங்க, இப்ப நல்லாத்தானே நடக்கறீங்க?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று ராத்திரி வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி வந்தது. அது மூளையில் டோபமைன் வேலை செய்யவிடாமல் தடுக்கும், எங்களுக்கு ஆகவே ஆகாது. என் மனைவி டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுப் பேசி நிறுத்த வைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு உதவிக்கு ஒரு தம்பியை வைத்தோம், முதியவர்களைப் பார்த்துக்கொண்டே வேலை பழகியவர். வாயால் சொன்னது எதுவும் அவர் மனதில் பதியவில்லை. அப்புறம் மனைவி ஒரு காரியம் செய்தாள்: மாத்திரைக்கு முன் 5.50க்கு ஒரு வீடியோ, பின் 6.45க்கு ஒரு வீடியோ, ஒரே சட்டை, ஒரே நாற்காலி. முதலாவதில் சட்டைப் பொத்தானைப் போடவே நாலு நிமிஷம் ஆகிறது. தம்பி அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "அண்ணே, நான் நீங்க வேணும்னு செய்றீங்கன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாகப் பிடித்துக்கொண்டார். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாலேயே கொடுத்துவிடுவார், முட்டையோ பருப்போ கூடவே போனால் மருந்து சரியாக ஏறாது. உடம்பு தானாக நெளிந்தால் அது மருந்தின் விளைவு, கையைக் காலைப் பிடித்து அமுக்கக்கூடாது என்பதும் தெரியும். முகத்தில் சிரிப்பு இல்லையென்றால் கோபம் என்று எடுத்துக்கொள்வதில்லை. வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்போது கையைப் பிடித்து இழுக்காமல், தன் பாதத்தை என் முன்னால் குறுக்கே வைத்து "தாண்டுங்கண்ணே" என்பார். கால் எழுந்துவிடும்.

இந்த வருஷம் குடலிறக்க ஆபரேஷன், அதே வார்டு. இந்த முறை ஒரு பக்கத் தாளில் மாத்திரை நேரங்களும் ஆகாத மருந்துகளும் தமிழில் எழுதி, நரம்பியல் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, சேரும் அன்றே கேஸ் ஷீட்டோடு இணைக்கச் சொன்னோம். வீடியோவைத் தம்பியே எடுத்துப்போய் சிஸ்டர்களிடம் காட்டினார். மறுநாள் காலை 6 மணிக்கு நைட் டியூட்டி சிஸ்டர் தண்ணீர் டம்ளரோடு என் கட்டிலருகே நின்றார்.