2219ல சிங்கப்பூர்ல ஒரு வீடு

2019 கடைசியில சிங்கப்பூர் போய்ட்டு வந்தேன். யுனிவர்சல் போனியா, சென்டோசா போனியான்னுதான் எல்லாரும் கேக்கறாங்க, அதெல்லாம் அப்புறம், மெரினா பே ஆர்ட்சயின்ஸ் மியூசியத்துல "2219: ஃபியூச்சர்ஸ் இமேஜின்ட்"னு ஒரு எக்ஸிபிஷன் அப்போ நடந்துச்சு, முதல்ல அதைச் சொல்லிடறேன். 1819ல ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் வந்து இறங்கி 200 வருஷம் ஆச்சுன்னு 2019ல அங்க விழா எடுத்தாங்க இல்லையா, மியூசியத்துக்காரங்க இன்னும் 200 வருஷம் கழிச்சு ஊர் என்னவா இருக்கும்னு யோசிச்சிருக்காங்க.

டிக்கெட் காச ரூபாய்ல மாத்திப் பாத்தா வயிறு எரியுது. ஆனா அங்க சூப்பர்ஃப்ளக்ஸ்ங்கற டிசைன் ஸ்டுடியோ செஞ்சு வச்சிருந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் காசு நினைப்பே போயிடுச்சு. லண்டன்ல அனப் ஜெயினும் ஜான் ஆர்டர்னும் ஆரம்பிச்ச ஸ்டுடியோ அது. நெஜ ஃப்ளாட்டேதான், 2219ல ஒரு குடும்பம் இருக்கற ஃப்ளாட். மீன் பிடிக்கற சாமான், தண்ணிக்குள்ள முங்கப் போடற மாஸ்க், கூடவே ஒரு ஈட்டி, அதோட முனை பழைய சர்க்யூட் போர்டுல செஞ்சது. உள்ள மண்ணே இல்லாம லைட் வெளிச்சத்துல செடி வளருது. ஜன்னலுக்கு வெளிய ஊரே வெள்ளக்காடு. இதுல யாரும் செத்துப்போகல, பொழைக்கக் கத்துக்கிட்டு சோறாக்கி சாப்ட்டுட்டு இருக்காங்க, அதான் என்னை உலுக்கிடுச்சு. பருவநிலை மாறி கடல் ஏறுதுன்னு எத்தனை கிராஃப் காட்டினாலும் வராத பயம் அங்க நின்னப்ப வந்துச்சு.

கற்பனைதானேன்னு தள்ளவும் முடியாது. அந்தத் தீவுல ஏறக்குறைய 30% நிலம் கடல்மட்டத்துக்கு மேல 5 மீட்டர் கூட இல்ல. கடலைத் தடுக்க 100 வருஷத்துல 10,000 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஏன் அதுக்கு மேலயும் ஆகலாம்னு அப்போ பிரதமரா இருந்த லீ சியன் லூங் 2019 ஆகஸ்ட்ல சொன்னார். மியூசியம் நிக்கற மெரினா பே பக்கமே கடலைத் தூர்த்து எடுத்த நிலம்!

எக்ஸிபிஷன்ல ஃபின்பார் ஃபாலன்ங்கறவரோட படமும் இருந்துச்சு, 2065ல ஜனங்க பூமிக்கு அடியில போய் வாழற மாதிரி.

சாப்பாடு மட்டும் அந்த ஏரியாவுல வேணாம். ஒரு கடையில காபிக்கு வாங்கின காசு அநியாயம், குடிச்சும் தலைவலி போகல. நேரா லிட்டில் இந்தியா வந்து தேக்கா சென்டர்ல அப்போ 6 வெள்ளிக்கு மட்டன் பிரியாணி சாப்ட்டேன், கறி எலும்ப விட்டு தானா கழண்டு வந்துச்சு, வயிறு ரொம்பிடுச்சு.

அந்த எக்ஸிபிஷன் 2020லயே முடிஞ்சிடுச்சு. மியூசியத்துக்கு பேஃப்ரன்ட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம், டாக்ஸி வேண்டாம். சாயந்தரம் மெரினா பேராஜ்ங்கற அணை மேல ஏறிப் பாருங்க, காசு கிடையாது, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நல்ல தண்ணி ஏரி, நடுவுல தடுத்து நிக்கற அந்த அணையும் நல்லாத் தெரியும்.